ஒரு ஊர் சர்வர் நின்றால் மறு ஊர் சர்வர்: வாய்ஸ் மெயில் பெயில் ஓவர் திட்டமிடுவது எப்படி?

இரவு பத்து மணி. ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்கிறீர்கள். காலையில் உங்கள் தந்தைக்கு நடக்க இருக்கும் பரிசோதனை பற்றி டாக்டருக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டும். யாரும் எடுக்கவில்லை. சிறிது நேரம் மணி அடித்த பின், பீப் ஒலிக்குப் பிறகு செய்தியைச் சொல்லுங்கள் என்கிறது ஒரு பதிவுக் குரல். சொல்லி முடித்துப் போனை வைக்கிறீர்கள். சொல்லியாகிவிட்டது என்று மனதில் நிம்மதி.

நீங்கள் சொன்னது எங்கே போய்ச் சேர்ந்தது? அந்த நிறுவனத்தின் ஏதோ ஓர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பைலாக உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் காலையில் வந்து தன் போனில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து, அதனைக் கேட்க வேண்டும். இரவில் அந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப் போனால்? அந்த அறையில் தண்ணீர் புகுந்தால்? போனை யாரும் எடுக்கவில்லை என்றால் நீங்கள் மறுபடி முயற்சி செய்வீர்கள். செய்தி பதிவான பின் தொலைந்தால் முயற்சி செய்ய மாட்டீர்கள். சொன்னவர் சொல்லிவிட்டோம் என்று இருப்பார்; கேட்க வேண்டியவர் யாரும் அழைக்கவில்லை என்று இருப்பார். வாய்ஸ் மெயிலில் உண்மையான ஆபத்து இதுதான்.

இதற்காகத்தான் பெரிய நிறுவனங்கள் வாய்ஸ் மெயில் சர்வர் ஒன்றுக்கு இரண்டாக, அதுவும் இரண்டு ஊர்களில் வைக்கின்றன. ஒன்று நின்றால் மற்றொன்று வேலையை எடுத்துக் கொள்ளும். இந்த ஏற்பாட்டிற்குப் பெயில் ஓவர் என்று பெயர். வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கு இது ஏன் என்று கேட்கலாம். உங்கள் வீட்டுப் போட்டோக்களையும் கணக்குகளையும் காப்பாற்றும் வழிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. கடைசியில் அங்கே வருவோம்.

வாய்ஸ் மெயில் சர்வர் என்பது என்ன?

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிராசசர், மெமரி, ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் இணைப்பு எல்லாம் உண்டு. எந்த எண்ணுக்கு வந்த அழைப்பு இது என்று பார்த்து, அந்த எண்ணுக்கு உரியவரின் வரவேற்புக் குரலை ஒலிக்கச் செய்து, பேசுவதைப் பதிவு செய்து, அவருக்கான பெட்டியில் போட்டு, அவர் போனில் விளக்கை எரிய வைப்பது இதன் வேலை. ஒரே நேரத்தில் எத்தனை பேரிடம் பேச முடியும் என்பதைப் போர்ட் என்ற கணக்கில் சொல்வார்கள். 50 போர்ட் என்றால் 50 பேர் ஒரே நேரத்தில் செய்தி சொல்லலாம் அல்லது கேட்கலாம்.

குரலுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? தொலைபேசித் துறையில் நெடுங்காலமாகப் பயன்படும் முறைக்கு ஜி.711 என்று பெயர். இது குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது. அதாவது நொடிக்கு 64,000 பிட். ஒரு நிமிடத்திற்கு 480 கிலோ பைட். பழைய 1.44 எம்.பி. பிளாப்பி ஒன்றில் மூன்று நிமிடப் பேச்சுதான் அடங்கும்.

இரண்டும் ஒரே அறையில் இருந்தால் போதாதா?

ஒரு சர்வரின் ஹார்ட் டிஸ்க் அல்லது பவர் சப்ளை கெட்டால், பக்கத்தில் இருக்கும் இன்னொரு சர்வர் காப்பாற்றும். ஆனால் கட்டடமே பாதிக்கப்பட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு கரை புரண்டபோது பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் நாள் கணக்கில் நின்றன. தரைத் தளத்தில் எத்தனை சர்வர்கள் வைத்திருந்தாலும் அப்போது பயன் இல்லை. ஆகவே இரண்டாவது சர்வர், முதல் ஊரின் வெள்ளமும் புயலும் மின்வெட்டும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

சென்னையில் ஒன்று, கோவையில் ஒன்று என்று வைத்துக் கொள்வோம். இப்போது இரண்டையும் இணைக்க ஒரு கட்டடத்திற்குள் ஓடும் கேபிள் போதாது. ஊர் விட்டு ஊர் போகும் இணைப்பு வேண்டும். இதனைத்தான் வைட் ஏரியா நெட்வொர்க் என்கிறோம். இது தொலைபேசி நிறுவனத்திடம் மாத வாடகைக்கு எடுக்கும் வழி. அறைக்குள் இருக்கும் கேபிளைப் போல இதனை நம்ப முடியாது. வேகம் குறைவு, தாமதம் அதிகம், அவ்வப்போது அறுந்தும் போகும். இரண்டாவது சர்வரை வாங்குவது எளிது. இந்த வழியை நம்பி அதனை எப்படி வேலை வாங்குவது என்பதில்தான் திட்டமிடல் தேவைப்படுகிறது.

முதல் கணக்கு: தாமதம்

இரண்டு சர்வர்களும் ஒன்றோடு ஒன்று ஓயாமல் பேசிக் கொண்டிருக்கும். ஒன்றில் பதிவான செய்தி, மாற்றிய ரகசிய எண், அழித்த செய்தி எல்லாம் மற்றொன்றுக்கும் போக வேண்டும். இப்படிப் பிரதி எடுப்பதற்கு ரெப்ளிகேஷன் என்று பெயர். ஒரு தகவல் போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம் அதிகமானால் இரண்டும் ஒத்துப் போவது கெடும்.

நிறுவனங்களில் பரவலாகப் பயன்படும் சிஸ்கோ யூனிட்டி கனெக்‌ஷன் என்ற வாய்ஸ் மெயில் சாப்ட்வேரை எடுத்துக் கொள்வோம். இதில் இரண்டு சர்வர்களை ஜோடியாக அமைத்து இரண்டு ஊர்களில் வைக்கலாம். இந்தப் போய் வரும் நேரம் 150 மில்லி செகண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ஒரு மில்லி செகண்ட் என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இது எவ்வளவு தூரம்? கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். சென்னைக்கும் கோவைக்கும் இடையே சுமார் 500 கிலோ மீட்டர். போய் வர 1,000 கிலோ மீட்டர் என்றால் 5 மில்லி செகண்ட். கேபிள் சுற்றிப் போவது, வழியில் உள்ள கருவிகள் எல்லாம் சேர்ந்தாலும் 150க்குள் எளிதாக அடங்கும். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் வர 200 மில்லி செகண்டுக்கு மேல் ஆவது வழக்கம். அங்கே ஜோடி சர்வரை வைக்க முடியாது. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோ மீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் வழி என்றால், கேள்வி மேலே போய் இறங்கி, பதிலும் அப்படியே வர 480 மில்லி செகண்ட் ஆகிவிடும். அதுவும் பயன்படாது.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே இந்தத் தாமதத்தைப் பார்க்கலாம். விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு ஆர் எழுத்தைத் தட்டுங்கள். வரும் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஏதேனும் ஓர் இணைய தள முகவரியைத் தந்து என்டர் தட்டுங்கள். நான்கு வரிகளில் பதில் வரும். ஒவ்வொரு வரியிலும் டைம் என்ற சொல்லுக்கு அடுத்து உள்ள எண்தான் போய் வந்த நேரம், மில்லி செகண்டில். சில தளங்கள் இதற்குப் பதில் தருவதில்லை. வேறு தளத்தை முயன்று பாருங்கள். இரு ஊர் சர்வர்களுக்கு இடையே என்ஜினீயர்கள் முதலில் செய்து பார்ப்பதும் இதே சோதனைதான். ஒரே ஒரு முறை பார்ப்பது போதாது. காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பல நாட்கள் எடுத்துப் பார்க்க வேண்டும். லைன் நெரிசலாக இருக்கும் நேரத்து எண்தான் முக்கியம்.

இரண்டாவது கணக்கு: பேண்ட்வித்

தாமதம் குறைவாக இருந்தாலும் வழி குறுகலாக இருந்தால் பயன் இல்லை. சிஸ்கோ தரும் கணக்குப்படி ஒவ்வொரு சர்வரிலும் 50 போர்ட் இருந்தால், இரண்டுக்கும் இடையே நொடிக்கு 7 மெகா பிட் உறுதியாகக் கிடைக்க வேண்டும். 100 போர்ட் என்றால் 14 மெகா பிட். 50 பேரும் ஒரே நேரத்தில் பேசினால் குரல் மட்டும் 3.2 மெகா பிட் ஆகிறது. அதோடு டேட்டாபேஸ் மாற்றங்கள், ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஒட்ட வேண்டிய முகவரி விபரங்கள் எல்லாம் சேர வேண்டும்.

பலர் மறக்கும் இன்னொரு செலவும் உண்டு. சென்னை சர்வர் நின்றுவிட்டால், சென்னையில் உள்ளவர்களுக்கு வரும் அழைப்புகளும் கோவை சர்வருக்குத்தான் போக வேண்டும். அந்தப் பேச்சே இந்த வழியில் ஓடும். ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்குக் குரல் 64 கிலோ பிட், பாக்கெட் மேல்விபரம் 16 கிலோ பிட், ஆக நொடிக்கு 80 கிலோ பிட் வேண்டும். 30 அழைப்புகள் என்றால் 2.4 மெகா பிட். சாதாரண நாளில் போதுமாக இருந்த வழி, ஆபத்து நாளில் அடைத்துக் கொள்வது இதனால்தான்.

வழி அறுந்து திரும்பும் நாளையும் கணக்கிட வேண்டும். 200 ஊழியர்கள், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நிமிட அளவில் ஐந்து செய்திகள் என்றால் ஒரு நாளில் சேர்வது 480 எம்.பி. ஒரு நாள் இணைப்பு இல்லாமல் இருந்து, பிறகு 2 மெகா பிட் வழியில் இதனை அனுப்ப, வேறு எதுவும் ஓடாவிட்டாலே 32 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பேசுபவர்களின் குரல் வெட்டி வெட்டி வரும். ஆகவே நேரடிப் பேச்சுக்கு முதல் இடமும் பிரதி வேலைக்கு அடுத்த இடமும் தருமாறு ரவுட்டரில் அமைத்திட வேண்டும்.

யார் இப்போது பொறுப்பு?

ஒரு சர்வர் நின்றது மற்றதற்கு எப்படித் தெரியும்? இரண்டும் சிறு சிறு இடைவெளியில் "நான் இருக்கிறேன்" என்று ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும். குறிப்பிட்ட நேரத்திற்கு அது வராவிட்டால் மற்றது பொறுப்பை எடுத்துக் கொள்ளும். காத்திருக்கும் நேரம் மிகக் குறைவாக இருந்தால், இணைப்பு இரண்டு நொடி தடுமாறினால் கூடப் பொறுப்பு மாறிக் கொண்டே இருக்கும். மிக அதிகமாக இருந்தால், அழைப்பவர்கள் அந்நேரம் முழுவதும் பதில் இல்லாமல் நிற்பார்கள்.

இங்கே ஒரு சிக்கல். பெரிய கட்டடத்தின் இரண்டு வாசல்களிலும் இரண்டு வாட்ச்மேன்கள். இருவரும் இன்டர்காமில் பேசிக் கொள்வார்கள். ஒரு நாள் பதில் இல்லை. மறு வாசல் வாட்ச்மேன் தூங்கிவிட்டாரா, இன்டர்காம் கெட்டுவிட்டதா? இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். சர்வர்களுக்கும் இதே நிலைதான். நடுவில் உள்ள வழி மட்டும் அறுந்தாலும், ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்று எண்ணி, தானே முதன்மை என்று வேலையைத் தொடங்கிவிடும். ஆங்கிலத்தில் இதனை ஸ்பிலிட் பிரெயின் என்பார்கள். ஒரு உடலுக்கு இரண்டு மூளை.

வங்கிக் கணக்கில் இப்படி நடந்தால் ஒரே பணத்தை இரண்டு ஊர்களிலும் எடுத்துவிடலாம். அதனால் அங்கே ஒரு பக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டும். வாய்ஸ் மெயிலில் நிலைமை வேறு. சென்னையில் பதிவான பத்துச் செய்திகளையும் கோவையில் பதிவான எட்டையும் பின்னர் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். யாரும் பதிவு செய்யாமல் இருப்பதை விட இருவரும் பதிவு செய்வது மேல். எனவே யூனிட்டி கனெக்‌ஷனில் வழி அறுந்தால் இரு சர்வர்களும் முதன்மையாக நின்று வேலை செய்யும். வழி திரும்பியதும் இரண்டும் தங்களிடம் உள்ளதை ஒப்பிட்டுச் சேர்த்துக் கொள்ளும். அது முடியும் வரை போனில் விளக்கு எரிவதும் அணைவதும் தாமதமாகலாம். ஊழியர்களிடம் இதனை முன்பே சொல்லி வைக்க வேண்டும். விளக்கு எரியவில்லை, செய்தி இல்லை என்று அவர்கள் இருந்துவிடக் கூடாது.

இரண்டு வழி வாங்கினால் இரண்டு வழி ஆகுமா?

இந்தச் சிக்கலைக் குறைக்க, இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு இணைப்புகள் வாங்குவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு நிறுவனங்களின் கேபிளும் உங்கள் தெருவில் ஒரே பள்ளத்தில் ஓடலாம். குடிநீர்க் குழாய்க்குத் தோண்ட வரும் ஜே.சி.பி. ஒரே வாரலில் இரண்டையும் அறுத்துவிடும். பில் இரண்டு, வழி ஒன்று. கட்டடத்திற்குள் நுழையும் இடம், தெருவில் போகும் பாதை, முதலில் சேரும் எக்ஸ்சேஞ்ச் மூன்றும் வேறு வேறா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சர்வருக்கு யு.பி.எஸ். வைத்து, ரவுட்டரை நேரடி மின்சாரத்தில் விட்டுவிடும் அலுவலகங்களும் உண்டு. கரண்ட் போனதும் சர்வர் நன்றாக ஓடும்; அதனிடம் போகத்தான் வழி இருக்காது.

இரண்டு வழியும் போனால்? ஐ.பி. போன் அமைப்புகளில் கடைசி ஏற்பாடு ஒன்று உண்டு. கிளை அலுவலக ரவுட்டர், சாதாரணத் தொலைபேசி லைன் வழியாக மறு ஊர் வாய்ஸ் மெயில் எண்ணை அழைத்து அழைப்பைச் சேர்த்துவிடும். இதில் ஒரு குறை கவனிக்க வேண்டும். அழைப்பு முதலில் யாருடைய எண்ணுக்கு வந்தது என்ற தகவல், சாதாரண லைனில் போகும்போது உதிர்ந்துவிடக் கூடும். அப்போது டாக்டரின் பெட்டிக்கான வரவேற்பு ஒலிக்காது. நிறுவனத்தின் பொது வரவேற்புதான் ஒலிக்கும். அழைத்தவர் எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தும்படி அந்தப் பொது வரவேற்பில் ஒரு வரி சேர்த்து வைத்தால் செய்தி காப்பாற்றப்படும். செலவே இல்லாத ஏற்பாடு இது.

பிரதி வேறு, பேக்கப் வேறு

இரண்டு ஊர்களிலும் ஒரே தகவல் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று பலர் கேட்பார்கள். ரெப்ளிகேஷன் நல்லதையும் கெட்டதையும் ஒன்று போலவே பிரதி எடுக்கும். ஊழியர் ஒருவரின் பெட்டியைத் தவறுதலாகச் சென்னையில் அழித்தால், சற்று நேரத்தில் கோவையிலும் அது அழிந்திருக்கும். இரண்டு சர்வர் இருப்பது சேவை நிற்காமல் இருக்க. போனதைத் திரும்பப் பெற வேண்டும் என்றால், நேற்றைய நிலையைத் தனியே எடுத்து வைத்த பேக்கப் வேண்டும். அதனால்தான் யூனிட்டி கனெக்‌ஷனில் டிஸாஸ்டர் ரெகவரி சிஸ்டம் என்ற பேக்கப் வசதி தனியாகத் தரப்பட்டுள்ளது.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

திட்டம் பேப்பரில் சரியாக இருக்கும். வேலை செய்கிறதா என்று தெரிய, நாமே நிறுத்திப் பார்க்க வேண்டும். கூட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் இப்படிச் செய்யலாம்.

1. சென்னை சர்வரை நிறுத்துங்கள். வெளியிலிருந்து ஓர் எண்ணை அழைத்துச் செய்தி சொல்லுங்கள். சரியான ஆளின் வரவேற்பு ஒலித்ததா?

2. அவர் போனில் விளக்கு எரிந்ததா? செய்தியைக் கேட்க முடிந்ததா? எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக் கொள்ளுங்கள்.

3. சர்வரை மீண்டும் இயக்குங்கள். நிறுத்தத்தின்போது பதிவான செய்தி இங்கேயும் வந்து சேர்ந்ததா?

4. அடுத்து சர்வர்களை ஓட விட்டு, நடுவில் உள்ள இணைப்பை மட்டும் அறுத்துப் பாருங்கள். இரு பக்கமும் செய்தி சொல்லுங்கள். இணைத்த பின் எண்ணிப் பாருங்கள். சொன்னது எத்தனையோ அத்தனையும் இருக்க வேண்டும்.

நான்காவது சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நிஜத்தில் அடிக்கடி அறுவது நடுவில் உள்ள வழிதான்.

சொந்த சர்வர் வைக்காமல் வாய்ஸ் மெயிலை கிளவுட் சேவையாக வாடகைக்கு எடுக்கும் நிறுவனங்கள் இன்று நிறைய. அவர்களும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். இரண்டாவது பிரதி எந்த ஊரில்? கடைசியாக எப்போது நிறுத்திப் பார்த்தீர்கள்? எங்கள் அலுவலக இணைப்பு போனால் அழைப்பு எங்கே போகும்?

உங்கள் வீட்டிற்கு

இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். போட்டோக்களை அதே கம்ப்யூட்டரில் இன்னொரு டிரைவில் காப்பி செய்து வைப்பது, ஒரே அறையில் இரண்டு சர்வர் வைப்பது போன்றது. ஒரு பிரதியைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைத்திடுங்கள். இன்டர்நெட்டில் தானாக ஒத்திசைவாகும் போல்டர் ரெப்ளிகேஷன் போன்றது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதனை மட்டும் பேக்கப் என்று நம்ப வேண்டாம். யு.பி.எஸ். வாங்கியிருந்தால் மோடத்தையும் அதில் இணைத்திடுங்கள்.

இந்த ஞாயிறு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நீங்கள் எடுத்து வைத்துள்ள பேக்கப்பிலிருந்து ஒரு போட்டோவைத் திரும்பக் கொண்டு வந்து திறந்து பாருங்கள். திறந்தால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. திறக்கவில்லை என்றால், அது இன்றே தெரிந்தது நல்லது.